கடல் நடுவே ஒரு வீர மங்கை

வீரம் என்றவுடன் போர்க்களமும் வாளும் கேடயமுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால் ஒரு சிறு படகையும் துடுப்புகளையும் கொண்டே அழியாப் புகழ் பெற்ற பெண்ணொருத்தி உண்டு. அவளே கிரேஸ் டார்லிங்.

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள பாம்பரோ என்னும் சிற்றூரில், 1815-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள், ஒன்பது மக்களுள் ஏழாமவளாக கிரேஸ் பிறந்தாள். அவளுடைய தந்தை வில்லியம் டார்லிங், கரைக்கு அப்பாலுள்ள ஃபார்ன் தீவுகளில் கலங்கரை விளக்கக் காவலர். 1826-இல் லாங்ஸ்டோன் என்னும் பாறைத் தீவில் புதிய கலங்கரை விளக்கம் எழுந்தபோது குடும்பம் அங்கே குடியேறியது. அங்கே அண்டை வீடு இல்லை, பள்ளியும் இல்லை. தந்தையே ஆசானானார். விளக்கை அணையாமல் காப்பதும், இரவில் கடலைக் கண்காணிப்பதும் கிரேஸ் கற்ற பெரும் பாடங்கள்.

1838 செப்டம்பர் 7, விடியற்காலை. ஹல் துறைமுகத்திலிருந்து டண்டீக்குச் சென்ற ஃபார்ஃபர்ஷையர் என்னும் நீராவிக் கப்பலின் கொதிகலன்கள் ஒழுகி, இயந்திரம் நின்றது. புயல் அதனைப் பாறையில் மோதி இரண்டாகப் பிளந்தது. நாற்பது பேருக்கு மேல் மாண்டனர். ஐந்து மணிக்குச் சற்று முன், சன்னல் வழியே உடைந்த கப்பலைக் கண்டாள் கிரேஸ். நன்கு வெளுத்த பின்னரே பாறையின்மேல் மனிதர்கள் அசைவது தெரிந்தது.

தம்பியோ கரைக்குச் சென்றிருந்தான். உதவிக்கு வேறு எவருமில்லை. தாய் படகைத் தள்ளிவிட, தந்தையும் மகளும் கொந்தளிக்கும் கடலில் ஏறத்தாழ ஒரு மைல் துடுப்பு வலித்தனர். பாறையை அடைந்ததும் தந்தை குதித்து இறங்கினார். அப்பொழுதுதான் உண்மையான சோதனை வந்தது. படகு பாறையில் மோதிச் சிதறாதவாறு, 22 வயது கிரேஸ் தன்னந்தனியே துடுப்புகளைப் பிடித்துக் காத்தாள். ஒன்பது பேர் உயிரோடிருந்தனர். முதலில் ஐவர் ஏற்றப்பட்டனர். தன் இரு குழந்தைகளையும் பறிகொடுத்த தாய் ஒருத்தியும் அவர்களுள் இருந்தாள். மீட்கப்பட்ட இருவரைத் துணைகொண்டு தந்தை திரும்பச் சென்று, எஞ்சிய நால்வரையும் கொணர்ந்தார். கிரேஸ் தாயுடன் சேர்ந்து அனைவருக்கும் பணிவிடை செய்தாள்.

நாடே அவளைப் போற்றியது. விக்டோரியா அரசி 50 பவுன் அனுப்பினார். தந்தைக்கும் மகளுக்கும் பதக்கங்கள் வழங்கப்பட்டன. அவளை வரைய ஓவியர்கள் படகேறி வந்தனர். அவளது கூந்தலில் ஒரு கற்றை வேண்டியும் கடிதங்கள் குவிந்தன! புயலைவிடப் புகழே அவளுக்குப் பெருஞ்சுமையாயிற்று. ஆயினும் அவள் புகழைத் தேடி நகரங்களுக்குச் செல்லவில்லை. பெற்றோருடன் அதே பாறைத் தீவில் தன் கடமைகளைத் தொடர்ந்தாள். 1842 அக்டோபர் 20-ஆம் நாள், காசநோயால், தன் 26-ஆம் வயதில் மறைந்தாள். பாம்பரோவில் 1938-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் அவள் நினைவைக் காக்கிறது. 1990-இல் லாங்ஸ்டோன் விளக்கு தானியங்கியாக்கப்பட்டது. காவலர் இல்லாமலே அது இன்றும் ஒளிர்கிறது.

அன்பார்ந்த தோழியரே! கிரேஸின் வீரம் ஒரே காலையில் பிறந்ததன்று. யாரும் காணாத எத்தனையோ இரவுகளில் விழித்திருந்து பழகிய கண்களும் கைகளும் தந்த கனி அது. நமக்கும் சிறு கடமைகள் நாள்தோறும் உண்டு. அவற்றை இன்றே செம்மையாய்ச் செய்து பழகுவோமாக. புயல் வரும் நாளில் நம் கைகளும் தளராதிருக்கும்.