பதநீருக்குக் கணக்கு எழுதியவர்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் பனை ஓலை முடைந்து பெண்கள் வருமானம் பார்க்கிறார்கள். பாளை சீவத்தான் ஆள் குறைந்துவிட்டது. அந்த மணல்மேட்டுப் பனைகளைப் பார்க்கும்போது எனக்கு ஜே.சி.குமரப்பாவின் நினைவு வரும்.

1892 ஜனவரி 4-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, மும்பையில் தொழில் செய்தார். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரசு நிதி பற்றிப் படித்தபோது, இந்தியாவின் வறுமைக்கு வெள்ளையர் ஆட்சியின் வரிக்கொள்கையே காரணம் என்ற முடிவுக்கு வந்தார். 1929-ல் காந்தியைச் சந்தித்தார்; கோட்டும் சூட்டும் போய் கதர் வந்தது. 1934-ல் வார்தாவில் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்துக்குச் செயலாளரானார்.

சங்கம் கையிலெடுத்த தொழில்களில் ஒன்று பனைவெல்லம். குமரப்பா போட்ட கணக்கு எளியது. கரும்புக்கு நல்ல நிலமும் நீரும் வேண்டும்; பனைக்குத் தரிசு போதும். சர்க்கரையைப் பனையில் எடுத்தால் கரும்பு நிலத்தில் தானியம் விளையும்.

சிக்கல் பானைக்குள் இருக்கிறது. பாளையில் சொட்டும் சாற்றில் சர்க்கரை சுமார் பத்து சதவீதத்துக்கு மேல். ஈஸ்ட் தானாக வந்து சேரும். சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் காரத்தன்மை கூடி ஈஸ்ட் அடங்கும், இனிப்பு நிற்கும். மேல்நாட்டில் ஆப்பிள் சாற்றை முதலில் நொதிக்கவிட்டு, பிறகு மருந்து போட்டு ஈஸ்டை அடக்கி, அதன்பின் இனிப்புச் சேர்ப்பார்கள். அடக்காமல் சேர்த்தால் அந்த இனிப்பும் சாராயமாகிவிடும். நம் மரமேறி நொதிக்கவே விடுவதில்லை. சுண்ணாம்பு அளவு மீறினால் வெல்லம் கறுத்துக் கட்டியாகாது; காய்ச்சுமுன் தெளியவைத்து வடிகட்டுவது அதற்காகத்தான்.

1937-ல் சேலத்தில் மதுவிலக்கு வந்தது, 1948-ல் மாகாணம் முழுவதும். கள் இறக்கியவர் பிழைப்புக்கு என்ன செய்வார்? சுண்ணாம்புப் பானைதான் பதிலாக இருந்தது. அந்தப் பதில் பாதிதான் பலித்தது என்பது என் கருத்து. வெல்லம் காய்ச்ச விறகும் நாள் முழுக்க உழைப்பும் வேண்டும். ஆலைச் சர்க்கரை விலையோடு அது போட்டியிட முடியவில்லை.

பலமுறை சிறை சென்ற குமரப்பா, கடைசிக் காலத்தை மதுரை அருகே தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். காந்தி மறைந்த அதே ஜனவரி 30-ல், 1960-ல் காலமானார். பழவேற்காட்டிலிருந்து சென்னைக்கு வரும் வழியில், மாதவரத்தில் மத்திய பனைவெல்ல நிறுவனம் அமைந்த இடத்துக்குக் குமரப்பாபுரம் என்று பெயர்.