மலாயா கணபதி



பரிசளிப்பு விழா மலர் கைக்கு வந்ததும் உங்கள் பிள்ளையின் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றுதான் முதலில் தேடுவீர்கள். தேடி முடித்த பிறகு இந்தப் பக்கத்தையும் கொஞ்சம் படியுங்கள். பாட்டாளிகளுக்காகப் பேசிய ஒருவரின் கதை இது.

எஸ்.ஏ. கணபதி தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்தவர். சிறு வயதிலேயே சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். ஜப்பான்காரன் காலத்தில் இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்சி ஆசிரியராக இருந்தார். 1945-இல் சண்டை ஓய்ந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தபோது தோட்டங்கள் எப்படிக் கிடந்தன என்று வீட்டுப் பெரியவங்க வழிவழியாகச் சொல்லியிருப்பாங்க. சயாம் ரயில் பாதைக்குப் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. அரிசிக்குப் பஞ்சம். வாங்கும் கூலி வயிற்றுக்குப் போதவில்லை. அப்போதுதான் ஊருக்கு ஊர் சங்கங்கள் எழுந்தன. அவற்றை ஒன்றுசேர்த்த அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்துக்குக் கணபதி தலைவரானார்.

அந்தச் சம்மேளனம் பொதுவுடைமைக் கட்சியின் செல்வாக்கில் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1948 ஜூன் மாதம் அரசாங்கம் தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தியது. சங்கப் பொறுப்பில் இருப்பவருக்கு அந்தத் தொழிலில் மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும் என்றது. பல தொழில்களைச் சேர்த்த சம்மேளனத்துக்கு இடமில்லை என்றது. சம்மேளனம் முடங்கியது. அதே மாதம் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். உடனே அவசரகாலம் வந்தது. பெயர்தான் அவசரகாலம், நடந்ததோ யுத்தம். அது 1960 வரை நீடித்தது.

விசாரணை இல்லாமலே காவலில் வைக்கலாம். ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு. 1949 மார்ச்சில் ரவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கணபதி கைத்துப்பாக்கியோடு பிடிபட்டார். கண்டெடுத்ததைப் போலீசில் ஒப்படைக்கப் போனதாக அவர் வாதாடினார். நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்திய அரசாங்கம் கருணை கேட்டும் பயனில்லை. 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

அன்பர்களே, அவர் போன பாதை சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தோட்டத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். துப்பாக்கி தூக்கியவனும் கூலி கேட்டவனும் அதிகாரிகள் கண்ணுக்கு ஒரே ஆளாகத் தெரிந்தார்கள். பயத்தில் சங்கத்தை விட்டவர்கள் எத்தனையோ பேர். லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகிறார்களா என்று சோதனை போட்டார்கள். காட்டிலிருந்து ஒரு மிரட்டல், ரோட்டிலிருந்து ஒரு மிரட்டல். நடுவில் நம் ஜனங்கள்.

1954-இல்தான் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகி, கூலியைப் பற்றி மேசையில் உட்கார்ந்து பேசும் நிலை பலப்பட்டது. இடையில் போன ஆண்டுகளின் நஷ்டம் யாருடையது? நம்முடையதுதான்!

ஆகவே பெற்றோர்களே, ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சங்கக் கூட்டமோ பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டமோ, தவறாமல் வாருங்கள். கணக்கைக் கேளுங்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். கேட்க வேண்டியதை நாலு பேர் முன்னால் வெளிச்சத்தில் கேட்கப் பழகிய ஜனங்களை எந்தக் காலத்திலும் யாரும் சுலபமாகச் சந்தேகிக்க முடியாது.

மாணவச் செல்வங்களே, சட்டம் என்ன சொல்கிறது என்று உங்கள் அப்பா அம்மாவுக்குப் படித்துச் சொல்லும் நாள் வரும். அதற்காகவும்தான் இந்தப் படிப்பு.