சங்கரதாஸ் சுவாமிகளும் வள்ளி திருமணமும்

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ஆம் ஆண்டு தோன்றிய சங்கரதாஸ் சுவாமிகள், பழநி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றவர். எமனாகவும் சனீசுவரனாகவும் அவர் மேடையேறிய நாளில், வேடத்தின் கொடுமை தாங்காது பெண்டிர் அஞ்சி வீழ்ந்தனர் என்பர். அரிதாரத்தைத் துறந்து அவர் நாடக ஆசிரியராய் அமைந்ததற்கு அதுவே காரணமாம்.

அவர் யாத்தவற்றுள் மக்கள் நெஞ்சை விட்டு நீங்காதது வள்ளி திருமணம். முருகன் வள்ளியை மணப்பான் என்பது குழந்தையும் அறிந்த முடிபு. எனினும் விடியுமட்டும் கூட்டம் கலைவதில்லை. தினைப்புனத்தில் நாரதர் தொடுக்கும் வினாக்களுக்கு வள்ளி இன்றிரவு என்ன விடை பகர்வாள் என்பதை எவரும் அறியார். பாடல்கள் சுவாமிகளுடையவை, தர்க்கமோ நடிப்போரின் நாவன்மையில் அவ்வப்போது பிறப்பது. கூத்தில் கட்டியங்காரனைக் கண்டு பழகிய பூந்தமல்லி, சென்னீர்குப்பம் வட்டாரத்தார்க்கு இவ்வுரிமை புதிதன்று.

ஆயினும் உரிமை வேறு, ஒழுங்கின்மை வேறு. முதிர்ந்த நடிகர்களின் கட்டுப்பாடின்மை கண்டு நொந்த சுவாமிகள் சிறுவர்பால் திரும்பினார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்குப் பாடம் கேட்டவர்களே.

ஓரிரவிலேயே ஒரு நாடகம் எழுதி முடித்தவர் எனப் புகழ்பெற்ற அப்பெருமகனார், இறுதிக் காலத்தில் வாதநோயால் பேச்சிழந்தார். 1922 நவம்பர் 13-இல் புதுச்சேரியில் மறைந்தார். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் வள்ளி இன்றும் நாரதருக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.