வளைபாதையை அளந்த கலிலியோ

கலிலியோ கலிலி 1564ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் இத்தாலி நாட்டின் பைசா நகரில் பிறந்தார். இசை அறிஞரான அவர்தம் தந்தை, மகன் மருத்துவராக வேண்டும் என விரும்பினார். கலிலியோவின் மனமோ கணிதத்தையே நாடியது. 1585இல் பட்டம் பெறாமலேயே பைசா பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், அங்கேயே கணிதப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். 1592இல் பாதுவா பல்கலைக்கழகத்திற்கு மாறினார்.

வீசப்பட்ட பொருள், தன் வேகம் தீரும்வரை நேராகச் சென்று, பின்னரே கீழே விழும் என அக்காலத்தில் பலர் நம்பினர். கலிலியோ அதனைச் சோதித்துப் பார்க்க முனைந்தார். சாய்வான பலகையில் குண்டை உருட்டி, உயரத்திலிருந்து பாயவிட்டு, அது விழுந்த தூரத்தை அளந்தார். பாயும் குண்டில் இரண்டு இயக்கங்கள் ஒரே நேரத்தில் நிகழ்வதையும், ஒன்று மற்றொன்றைத் தடுக்காததையும் கண்டறிந்தார். முன்னோக்கிய இயக்கத்தின் வேகம் மாறுவதில்லை. கீழ்நோக்கிய இயக்கமோ நொடிக்கு நொடி விரைவடைகிறது. முதல் நொடியின் முடிவில் ஏறத்தாழ 5 மீட்டர், இரண்டாம் நொடியின் முடிவில் 20 மீட்டர், மூன்றாம் நொடியின் முடிவில் 45 மீட்டர் எனப் பொருள் கீழிறங்குகிறது. இவ்விரு இயக்கங்களும் இணைவதால் உண்டாகும் வளைபாதையே பரவளையம். கமுந்திங் பள்ளித் திடலில் குண்டெறியும் மாணவரின் கையிலிருந்து புறப்படும் இரும்புக் குண்டும் ஏறத்தாழ இப்பாதையிலேயே செல்கிறது.

காற்று இயக்கத்தைத் தடுக்கும் என்பதைக் கலிலியோ அறிந்திருந்தார். ஆயினும், காற்றுத்தடையை ஒதுக்கிவைத்தால்தான் இயக்கத்தின் அடிப்படை விதி தெளிவாகப் புலப்படும் என உணர்ந்தார். அவ்வாறு கணக்கிட்டபோது, தரையிலிருந்து 45 பாகைக் கோணத்தில் வீசப்படும் பொருளே மிகத் தொலைவில் விழும் என நிறுவினார். ஒரே வேகத்தில் 30 பாகையிலும் 60 பாகையிலும் வீசப்படும் பொருள்கள் சமதூரத்தில் விழும் என்பதையும் காட்டினார்.

1610இல் தொலைநோக்கியின் வழி வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டு புகழ்பெற்றார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்னும் கருத்தை ஆதரித்து 1632இல் நூல் வெளியிட்டார். அதனால், 1633இல் உரோமில் திருச்சபையின் விசாரணைக்கு ஆளானார். தம் கருத்தைக் கைவிடுவதாக அறிவிக்குமாறு கட்டாயப்படுத்தப்பட்டார். வாழ்நாளின் எஞ்சிய காலம் முழுவதும் வீட்டுக்காவலில் கழிந்தது.

முதுமையும் தனிமையும் வாட்டியபோதும் கலிலியோ சோர்ந்துவிடவில்லை. ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன் செய்த இயக்கச் சோதனைகளின் குறிப்புகளை மீண்டும் கையிலெடுத்து, நூலாக எழுதினார். இத்தாலியில் அவர் நூல்களை அச்சிடத் தடை இருந்ததால், கைப்பிரதி ஹாலந்துக்குச் சென்றது. 1638இல் அந்நூல் லெய்டன் நகரில் வெளிவந்தது. அப்போது அவர் முற்றிலும் பார்வையிழந்திருந்தார். 1642ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் மறைந்தார்.

1971இல் அப்போலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட், காற்றில்லா நிலவில் நின்று ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாகக் கைவிட்டார். இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டன. காற்றை ஒதுக்கிவைத்து கலிலியோ மனத்தில் கண்ட உலகம், அன்று உலக மக்களின் கண்முன் தெரிந்தது.