தமிழைச் சுமந்து கடல் கடந்த பேராசிரியர்



படித்துப் பட்டம் பெற்ற பிள்ளை வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் பதவியேற்கப் புறப்படும்போது, இனி இவன் நமக்கில்லை என்று நீங்கள் கலங்குவதுண்டு. தெமட்டகொடையில் இக்கலக்கத்தை அறியாத வீடுகள் குறைவு. அவ்வாறு சென்ற ஒருவரின் வாழ்வைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அவர் உங்களுக்கு அயலவருமல்லர். உங்கள் பகுதியை அடுத்த பொரளையில், புனித பேர்னாட் குருமடத்தில் 1931 முதல் 1934 வரை கற்றவர். அவரே வண. சேவியர் தனிநாயகம் அடிகளார்.

அடிகளார் 1913 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் பிறந்தார். பொரளையிலிருந்து உரோமாபுரி சென்று, 1938இல் குருப்பட்டம் பெற்றார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்த அவருக்குத் தமிழ் இலக்கியத்தில் ஆழ்ந்த பயிற்சி இருக்கவில்லை. தமிழ்நாட்டில் வடக்கன்குளத்தில் ஆசிரியராயிருந்தபோது அக்குறையை உணர்ந்து, பண்டிதர் ஒருவரிடம் மாணவராய் அமர்ந்தார். பின்னர், முப்பது வயதைக் கடந்த நிலையில், 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தமிழ் கற்றார். அந்தத் தாழ்மையைக் கவனித்தீர்களா?

1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். ஆனால் அங்கு அவர் கற்பித்தது தமிழன்று, கல்வியியல். தமிழாய்வை வளர்க்கும் பேராசிரியர் பதவி 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறையில்தான் அவருக்குக் கிட்டியது.

அப்பதவியைச் சொந்தச் சுகத்துக்காகவா பயன்படுத்தினார்? இல்லை. 1964 ஜனவரியில் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டை நடத்தினார். அந்தாம் தெ புரோயென்சா அடிகளார் தொகுத்து, 1679இல் அச்சான தமிழ் – போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்திலிருந்து மீட்டு, மறுபதிப்பாக வெளியிட்டார். 1968இல் சென்னை, 1970இல் பாரிஸ் என மாநாடுகள் தொடர்ந்தன. 1974இல் நான்காவது மாநாடு யாழ்ப்பாணத்தில் கூடியது. கடல் கடந்து தொடங்கிய பணி, அவர் பிறந்த மண்ணுக்கே வந்து சேர்ந்தது.

1969இல் மலாயாப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அடிகளார், 1980 செப்டெம்பர் 1ஆம் திகதி தாய்நாட்டில் காலமானார்.

ஆகவே, புறப்படும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். எங்கே போகிறாய் என்று கேட்பதோடு, எதை எடுத்துச் செல்கிறாய் என்றும் கேளுங்கள். அடிகளார் தம்முடன் தமிழை எடுத்துச் சென்றார். உலகப் பல்கலைக்கழகங்களில் அதற்கோர் இருக்கை தேடித் தந்தார்.