கப்டன் ட்ரைபஸ்: சந்தேகமே சாட்சியான கதை

அல்பிரட் ட்ரைபஸ் என்ற பெயரை நம்மில் பலர் தியோடர் ஹேர்சலின் வரலாற்றோடு சேர்த்தே கேள்விப்பட்டிருப்போம். அந்த வழக்கை வியன்னா பத்திரிகையொன்றுக்காக பாரிஸிலிருந்து எழுதிய நிருபர் ஹேர்சல். ஆனால் ட்ரைபஸின் வாழ்க்கையைத் தனியாக எடுத்து வாசித்தபோது நான் கண்டது வேறொரு மனிதரை. அவர் தனியொரு நாடு கேட்டவரல்ல. பிரான்ஸும் அதன் இராணுவமுமே அவருக்குப் போதுமாக இருந்தன.

1859 இல் அல்சாஸ் பகுதியின் முல்ஹவுஸ் நகரில், துணி ஆலை நடத்திய வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1871 இல் யுத்தத்தில் வென்ற ஜேர்மனி அல்சாஸை எடுத்துக்கொண்டபோது குடும்பம் பிரெஞ்சுப் பிரஜாவுரிமையையே தெரிவுசெய்தது. பணத்துக்குக் குறைவில்லாத அந்த இளைஞர் ஆலையை விட்டுவிட்டு இராணுவக் கல்வியை நாடினார். 1889 இல் பீரங்கிப் படையில் கப்டன்.

அன்றைய பிரெஞ்சு இராணுவத்தில் சுமார் 300 யூத அதிகாரிகள் இருந்தனர். சட்டத்தில் அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் 1892 இல் ட்ரூமோனின் பத்திரிகை, யூத அதிகாரிகள் நாட்டைக் காட்டிக்கொடுப்பவர்கள் என்ற பிரசாரத்தைத் தொடங்கியது. அதனால் எழுந்த வாள் சண்டையொன்றில் ஆர்மண்ட் மேயர் என்ற யூதக் கப்டன் கொல்லப்பட்டார். அதே ஆண்டு இராணுவ உயர்கல்லூரியில், தலைமையகத்தில் யூதர்கள் வேண்டாம் என்று கருதிய ஜெனரல் ஒருவர் ட்ரைபஸுக்கு வேண்டுமென்றே புள்ளிகளைக் குறைத்தார். அப்படியிருந்தும் ஒன்பதாவது இடத்தில் சித்தியடைந்து, தலைமையகத்துக்குள் நுழைந்தார்.

1894 இல் பாரிஸிலுள்ள ஜேர்மன் தூதரகத்தின் குப்பைக்கூடையிலிருந்து, இராணுவ இரகசியங்களைத் தருவதாகக் கூறும் கையொப்பமற்ற கடிதமொன்று கிடைத்தது. எழுத்து ஓரளவு ஒத்திருக்கிறது என்று ட்ரைபஸ் கைதானார். இதன் பின் நடந்தவைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தன. வீட்டைச் சோதித்தார்கள், எதுவும் கிடைக்கவில்லை. முன்கூட்டியே அழித்துவிட்டார் என்றார்கள். எழுத்தில் வேறுபாடுகள் இருந்தன. தன் எழுத்தைத் தானே மாற்றி எழுதினார் என்று பொலிஸ் நிபுணர் பெர்டியோன் விளக்கினார். அவருக்கு ஜேர்மன் மொழி தெரியும், நினைவாற்றல் அதிகம். நல்ல அதிகாரிக்குரிய இந்தத் தகுதிகளும் குற்றப்பத்திரிகையில் ஏறின. பிரதிவாதிக்குக் காட்டாத இரகசியக் கோவையொன்று நீதிபதிகளின் கைக்குப் போனது. ஏழு பேரும் ஒருமித்துத் தண்டித்தார்கள்.

1895 ஜனவரி 5 ஆம் திகதி இராணுவக் கல்லூரி முற்றத்தில், படையினர் முன்னிலையில் அவரது பதவிச் சின்னங்கள் பிய்க்கப்பட்டன, வாள் முறிக்கப்பட்டது. வெளியே கூட்டம் யூதர்களுக்கு எதிராகக் கோஷமிட்டது. அவரோ தான் நிரபராதி என்று உரத்துக் கூறியபடியே நடந்தார். பின்னர் தென்னமெரிக்கக் கரையோரமுள்ள பிசாசுத் தீவில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனிமைச் சிறை. காவலர்கள் அவருடன் பேசக்கூடாது. 1896 இல் சில வாரங்கள் இரவில் கட்டிலோடு விலங்கிட்டார்கள்.

உண்மையான குற்றவாளி எஸ்டர்ஹாஸி என்பதை அதே ஆண்டு கண்டுபிடித்தவர் கேர்ணல் பிக்கார். அவருக்கும் யூதர்கள் மீது நல்லெண்ணம் இருக்கவில்லை. இருந்தும் ஆதாரத்தை மறைக்க அவர் சம்மதிக்கவில்லை. அதற்குக் கூலியாகத் துனீசியாவுக்கு அனுப்பப்பட்டார். 1898 ஜனவரியில் எஸ்டர்ஹாஸி விடுதலையானார். எமில் ஸோலா பத்திரிகையில் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டி எழுதினார். போலி ஆவணம் தயாரித்ததை ஒப்புக்கொண்ட கேர்ணல் ஹென்றி சிறையில் தற்கொலை செய்துகொண்டார். இத்தனைக்கும் பிறகு, 1899 மறுவிசாரணையில் மீண்டும் குற்றவாளி என்றே தீர்ப்பு வந்தது! சில நாட்களில் ஜனாதிபதி மன்னிப்பு வழங்கினார். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு.

1906 இல்தான் அதியுயர் நீதிமன்றம் தீர்ப்பை ரத்துச் செய்தது. மேஜர் பதவியும் விருதும் கொடுத்தார்கள். ஆனால் சிறையில் கழிந்த ஆண்டுகளைப் பதவி உயர்வுக்குக் கணக்கிடவில்லை. தன்னோடு படித்தவர்கள் மேலே போய்விட்டிருக்க, அடுத்த ஆண்டே ஓய்வுபெற்றார். என் பார்வையில் இது இரண்டாவது தண்டனை.

1908 இல் ஸோலாவின் உடல் பாந்தியோனுக்கு மாற்றப்பட்ட வைபவத்தில் ஒருவர் அவரைச் சுட்டுக் காயப்படுத்தினார். சுட்டவரை நீதிமன்றம் விடுதலை செய்தது. எனினும் 1914 இல் யுத்தம் மூண்டபோது, 54 வயதில் மீண்டும் சீருடை அணிந்து, பின்னர் போர்முனைக்கும் போனார். மகன் பியரும் அதே யுத்தத்தில் போரிட்டார்.

ட்ரைபஸ் 1935 இல் இறந்தார். பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்த அவரது பேத்தி மடலின் லெவி கைதாகி, 1944 ஜனவரியில் அவுஷ்விட்ஸ் முகாமில் உயிரிழந்தார்.