டோனாவூர் அம்மை

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், களக்காட்டு மலையின் நிழலில் டோனாவூர் என்றொரு சிற்றூர் உள்ளது. அவ்வூரின் பெயரில் தமிழ் ஒலியைத் தேடிப் பயனில்லை. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே குடியிருப்பு அமையப் பொருளுதவி செய்த டோனா என்னும் ஜெர்மானியப் பிரபுவின் பெயரே ஊர்ப்பெயராயிற்று. தாம்பரத்தில் மாலையில் கன்னியாகுமரி ரயிலேறும் முடிச்சூர்க் குடும்பமொன்று மறுநாள் விடியலில் வள்ளியூரில் இறங்கி, அங்கிருந்து இவ்வூரை எளிதில் அடையலாம். கழுகுமலைப் பாறையிலும் சிதறால் குன்றிலும் தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தரிசிக்கத் தெற்கே செல்வோர் வழியில் இதையும் கண்டு வரலாம். இவ்வூரில் அரை நூற்றாண்டு வாழ்ந்து, அதில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளை நோய்ப்படுக்கையில் கழித்த அயர்லாந்துப் பெண்மணி ஏமி கார்மைக்கேலின் வரலாறு நம்மவர் அறியத்தக்கது.

அவர் 1867 டிசம்பர் 16 அன்று வட அயர்லாந்தின் மில்லைல் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். தந்தையார் மாவு ஆலை உடையவர். பிள்ளைகள் எழுவரில் ஏமியே மூத்தவர். வீட்டில் கோலி இன நாயும் பூனையும் இரண்டு குதிரைக் குட்டிகளும் குழந்தைகளோடு குழந்தைகளாக வளர்ந்தன. ஒருநாள் வாளித் தண்ணீரில் தத்தளித்த சுண்டெலியைக் கண்ட சிறுமி, குடும்ப வழிபாட்டுக்கு மணி அடித்தும் அதை விட்டுவர மனமின்றி, எடுத்துச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டாள். வழிபாட்டின் நடுவே எலி கீச்சிட்டுக் காட்டிக் கொடுத்துவிட்டது. நம் இல்லங்களில் எறும்புக்கு வழிவிட்டு நடக்கக் கற்பிக்கப்படும் பிள்ளைகளுக்கு இந்நிகழ்ச்சி புதுமையாகத் தோன்றாது.

தம் கண்கள் நீலமாக வேண்டுமென்று அவர் இளமையில் இறைவனை வேண்டியதும், விடிந்து கண்ணாடியில் பார்த்தபோது அவை பழுப்பாகவே இருந்ததும் பலரும் அறிந்த செய்தி. பிற்காலத்தில் சேலை உடுத்தி, தோலுக்குச் சாயமேற்றி, தமிழ்ப் பெண்களோடு பெண்ணாகச் சென்ற நாட்களில் அப்பழுப்புக் கண்கள்தாம் அவருக்குத் துணைநின்றன.

தந்தையார் 1885-இல் மறைந்தார். குடும்பம் வறுமையுற்றது. பெல்பாஸ்ட் நகரின் ஆலைத் தொழிலாளிப் பெண்களிடையே ஏமி தொண்டு புரிந்தார். நரம்புவலி அப்போதே அவரைப் பற்றியிருந்தது. சீனம் செல்ல விரும்பியபோது உடல்நிலையைக் காரணம் காட்டி மறுத்தனர். 1893-இல் ஜப்பான் சென்றார். அங்கும் உடல் இடங்கொடுக்கவில்லை. இறுதியில், தட்பவெப்பம் உடலுக்கு ஏற்றதெனக் கருதி 1895 நவம்பரில் பெங்களூர் வந்து சேர்ந்தார். வந்திறங்கிய வேளையிலேயே டெங்குக் காய்ச்சல் கண்டது. இத்தனை நோஞ்சானான பெண் அரையாண்டு தாங்கமாட்டாள் என எண்ணியவர்கள் இருந்தனர். அவரோ அதற்குப்பின் 55 ஆண்டுகள் ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பாமல் இங்கேயே வாழ்ந்து இங்கேயே மறைந்தார்.

தம் சமயத்தைப் பரப்பும் நோக்கோடு வந்தவர் அவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தம்மிடம் வந்த குழந்தைகளை அச்சமயத்திலேயே வளர்த்தார். அந்நெறி வேறு, நம் நெறி வேறு. எனினும் அஞ்சி வந்த உயிருக்கு அடைக்கலம் தருவதை அபயதானம் என்று போற்றுவது நம் மரபு. அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் அவரைப் புறக்கணிக்க இயலாது.

மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்று தமிழ் கற்றுப் பழகிய அவரிடம் 1901 மார்ச்சில், பண்ணைவிளையில் இருந்தபோது, ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி ஓடி வந்து சேர்ந்தாள். பெயர் பிரீனா. கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதற்காக ஒப்படைக்கப்பட்டவள். முன்பு ஒருமுறை தப்பி ஓடியதற்காகக் கைகளில் சூடு வாங்கியவள். அவளுடைய வாய்மொழியால்தான் அக்குழந்தைகளின் வாழ்வு எத்தகையது என்பதை ஏமி முதன்முதலாக அறிந்தார். அவ்வாண்டே டோனாவூரில் குடியேறினார். 1904 முதல் பச்சிளங்குழந்தைகளும் வரத் தொடங்கினர். 1913-இல் அவ்வில்லத்தில் 130 பெண்குழந்தைகள் இருந்தனர் என்பர். 1918 முதல் ஆண்குழந்தைகளும் ஏற்கப்பட்டனர். பொட்டுக் கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணச் சட்டம் ஒழித்தது 1947-இல்தான். அதற்காக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடத் தொடங்குவதற்கும் கால் நூற்றாண்டுக்கு முன்னமே இவ்வில்லம் எழுந்துவிட்டது. இப்பணிக்கு வழக்குகளும் வந்தன, பழியும் வந்தது. அவருடைய உண்மை நிலை பற்றிய நூலை, ஊக்கம் குன்றச் செய்கிறது என்று சொல்லி அவர் தரப்பினரே முதலில் திருப்பி அனுப்பினர். அது 1903-இல்தான் அச்சேறியது.

தொடக்க ஆண்டுகள் எளியவையல்ல. தாய்ப்பால் இன்றி வந்த சிசுக்கள் பலர் வயிற்றுப்போக்கில் மடிந்தனர். மருத்துவ வசதி அருகில் இருக்க வேண்டுமென்று, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நெய்யூரில் சிசுக்களுக்கு இல்லம் அமைத்து, தம் தமிழ்த் தோழி பொன்னம்மாளின் பொறுப்பில் விட்டார். அந்தப் பொன்னம்மாளும் புற்றுநோயால் வருந்தி 1915-இல் மறைந்தார். ஏமியின் வலக்கையாக விளங்கியவர் அவரே.

1917-இல் மலைமீது காட்டினுள் சிறு நிலமொன்றை வாங்கி வீடு கட்டினர். கோடையில் குழந்தைகள் அங்கே சென்று சுனையில் நீந்தினர். இன்று களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகமாகக் காக்கப்படும் அம்மலைத்தொடரில் சோலைமந்திகளும் மலை இருவாச்சிகளும் வாழ்கின்றன. மரமும் பறவையும் பாடநூலுக்குச் சமம் என்பது ஏமியின் கொள்கை. பூவின் பெயரும் புள்ளின் குரலும் அறியாத பிள்ளை டோனாவூரில் வளர்ந்ததில்லை எனலாம். 1919-இல் அரசு கைசர்-இ-ஹிந்த் பதக்கம் வழங்கியது. ஏற்காமலிருக்க வழியுண்டா என்று முதலில் கேட்டார். பிறர் வற்புறுத்தலால் ஏற்றும், விழாவுக்கு மட்டும் செல்லவில்லை. தம் உருவப்படம் வெளியாவதையும் அவர் விரும்பியவரல்லர்.

நோய்க்காலமே அவர் வாழ்வின் முதன்மையான பகுதி. 1931 அக்டோபர் 24 அன்று, மருந்தகம் அமைப்பதற்காகக் களக்காட்டில் எடுத்திருந்த வீட்டைப் பார்வையிடச் சென்றார். பொழுது சாய்ந்துவிட்டது. கழிப்பிடத்துக்காக இடம் மாற்றித் தோண்டப்பட்டிருந்த குழி இருளில் தெரியவில்லை. அதில் விழுந்து கால் எலும்பு முறிந்து, கணுக்கால் பிசகி, முதுகெலும்பும் பாதிப்புற்றது. 1922, 1924-ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்றவரான டாக்டர் சோமர்வெல் பணிபுரிந்த நெய்யூர் மருத்துவமனைக்கு அவரைக் கொண்டு சென்றனர். எலும்பு கூடிவிடும், சில வாரங்களில் நடக்கலாம் என்றே அனைவரும் எண்ணினர். அவ்வாறு நடக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 63.

மூட்டுவலி, நரம்புவலி, உறக்கமின்மை என ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஓயாது நடந்து, வண்டியேறி, நள்ளிரவில் குழந்தைகளைக் காக்கப் புறப்பட்ட பெண்மணிக்கு ஓர் அறையே உலகமாயிற்று. கட்டில், திண்ணை, அதற்கப்பால் தோட்டம், அங்கு வரும் பறவைகள்: இவ்வளவே அவர் கண்ணுக்கு எஞ்சியவை. தாம் பிறர்க்குச் சுமையாக நெடுநாள் கிடக்கலாகாது, விரைவில் அழைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அவர் வேண்டுதலாக இருந்தது. அவ்வேண்டுதல் நிறைவேறவில்லை. துறவோர் வெல்ல வேண்டிய 22 பரீஷகங்களில் நோயும் ஒன்றென நம் ஆகமங்கள் கூறும். கடிந்துகொள்ளாமலும் கலங்காமலும் பொறுப்பதே அங்கு வெற்றி. ஏமியோ கலங்கினார். வலியை வலியென்றே எழுதினார். உறங்காத இரவுகளை இனிக்கப் பேசி மறைக்கவில்லை.

அந்நாளில் நோயாளிகளுக்கென ஆறுதல் நூல்கள் பல வந்துகொண்டிருந்தன. அவற்றைப் படித்த ஏமிக்கு ஒரு குறை தென்பட்டது: அவை யாவும் நலமாக இருப்பவர் நோயாளிக்கு எழுதியவை. படுத்திருப்பவர் படுத்திருப்பவர்க்கு எழுத வேண்டுமெனக் கருதி 1933-இல் ‘ரோஸ் ஃப்ரம் ப்ரையர்’ என்னும் நூலை வெளியிட்டார். நோயுற்றோரைக் காணச் செல்லும்போது அறிவுரை மூட்டையோடு செல்லும் வழக்கம் நம்மிடமும் உண்டு. கட்டிலில் கிடப்பவர் பக்கமிருந்து அதைக் காண இந்நூலின் பிறப்பு வரலாறே போதுமானது. அவர் இயற்றிய ஏறத்தாழ 35 நூல்களுள் 13 நூல்கள் இவ்வறையில் பிறந்தவை. கடிதங்களுக்கோ கணக்கில்லை. இல்லத்தின் ஒவ்வொரு குழந்தையின் பிறந்தநாளும், அதாவது அவர்கள் வந்து சேர்ந்த நாளும், அக்கட்டிலிலிருந்தே நினைவுகூரப்பட்டது.

பக்கத்து ஊர்களின் ஏழைகளுக்காக அவர் நாளிலேயே மருத்துவமனையும் எழுந்திருந்தது. ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் உணவும் அடைக்கலமும் மருந்தும் அவ்வளாகத்தில் நாள்தோறும் வழங்கப்பட்டன. பள்ளியையும் சேர்த்தால் கல்வியும் உண்டு.

1948 ஜூனில் அறையினுள்ளேயே மீண்டும் விழுந்தார். வலக்கையும் இடுப்பும் அடிபட்டன. எழுதும் கை ஓய்ந்தது. அதன்பின் சொல்லச்சொல்லப் பிறர் எழுதினர். 1949-இல், தமக்குப்பின் பொறுப்பேற்பார் என நம்பியிருந்த காட்ஃப்ரே வெப்-பெப்லோ திடீரென மறைந்தார். எண்பதைக் கடந்து படுக்கையில் கிடந்த முதியவர், தம்மினும் பல ஆண்டுகள் இளையவரின் இறுதி ஊர்வலச் செய்தியை அறைக்குள்ளிருந்தே கேட்க வேண்டியதாயிற்று. சுமை முழுவதும் பிறர் தோளுக்கு மாறியது. அவர் கலந்தாய்வோடு நின்றுகொண்டார்.

1951 ஜனவரி 18 அன்று, 83-ஆம் வயதில், உறக்கத்தில் உயிர் பிரிந்தது. தம் கல்லறைமீது கல்லெழுப்பலாகாது என்று முன்னரே சொல்லி வைத்திருந்தார். வளர்த்த பிள்ளைகள் அச்சொல்லை மீறவும் விரும்பவில்லை, இடம் அடையாளமின்றிப் போகவும் மனமொப்பவில்லை. தோட்டத்து மரத்தடியில் அவர் உடல் இடப்பட்ட இடத்தில் பறவைகள் நீரருந்தவும் குளிக்கவும் கல்லாலான நீர்த்தொட்டி ஒன்றை அமைத்து, அதில் ஏமி என்றோ கார்மைக்கேல் என்றோ எழுதாமல் அம்மை என்னும் தமிழ்ச்சொல்லை மட்டும் பொறித்தனர்.